வீட்டில் காசு வைத்து ரம்மி ஆடினால் வழக்கு வருமா?

கேள்வி: மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை இரவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் அண்ணன் குடும்பம், நாத்தனார் குடும்பம், கணவரின் நண்பர்கள் என்று பதினைந்து பேர் கூடுவோம். பிள்ளைகள் கேரமும் பரமபதமும் ஆட, பெரியவர்கள் புள்ளிக்குப் பத்துப் பைசா வைத்து ரம்மி ஆடுவோம். கடைசியில் சீட்டு இருபது ரூபாய் என்று தம்போலா நடக்கும். காசு வைத்து ஆடினால் சூதாட்ட வழக்கு பாயும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் எச்சரிக்கிறார். இதற்கிடையே ஒருவர், பரிசுப் பொருள்களுடன் தாமே வந்து தம்போலாவை நடத்தித் தருவதாகவும், வாட்ஸ்அப்பில் வெளியாட்களுக்கும் சீட்டு விற்று, வசூலில் ஒரு பங்கைத் தாம் எடுத்துக்கொண்டு எங்களுக்கும் ஒரு பங்கு தருவதாகவும் சொல்கிறார். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, ஈரோடு.

பதில்: உங்கள் ரம்மியால் வழக்கு வராது. அந்த மனிதரை வீட்டுக்குள் விட்டால் வரக்கூடும். உங்கள் செயலாளர் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் பயப்படுகிறார்.

உங்கள் ஊருக்குப் பொருந்துவது 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். சென்னை முதலிய மாநகரங்களில் 1888-ஆம் ஆண்டின் காவல் சட்டம் பேசும். சாரம் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் அதற்குள் போகவில்லை. இந்தச் சட்டம் தண்டிப்பது முக்கியமாக இரண்டு காரியங்களை: சூதாட்ட விடுதி நடத்துவதும் அங்கே ஆடுவதும் ஒன்று, தெருவிலும் பொது இடத்திலும் ஆடுவது மற்றொன்று. ஓர் இடம் சூதாட்ட விடுதி ஆவதற்கு அங்கே சீட்டுக் கட்டு இருந்தால் மட்டும் போதாது. இடத்தை வைத்திருப்பவர் அந்த ஆட்டத்தின் மூலம் ஆதாயம் பெற வேண்டும். அந்த ஆதாயம் இடத்துக்கு வாடகையாகவோ, சீட்டுக் கட்டுக்குக் கட்டணமாகவோ, ஒவ்வொரு ஆட்டத்திலும் எடுத்து வைக்கும் மேசைக் காசாகவோ, வேறு எந்தப் பெயரிலோ இருக்கலாம். உங்கள் வீட்டில் தோற்றவர் காசு ஜெயித்தவருக்குப் போகிறதே தவிர வீட்டுக்காரருக்கு என்று எதுவும் போவதில்லை. ஆகவே அது வீடாகவே இருக்கிறது.

ரம்மிக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. திறமையால் வெல்லும் விளையாட்டுகளுக்கு இந்தத் தண்டனைப் பிரிவுகள் பொருந்தா என்று சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் நடந்த சோதனையையொட்டி எழுந்த வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதற்கும், எதைப் பிடிப்பது எதை இறக்குவது என்று தீர்மானிப்பதற்கும் கணிசமான திறமை தேவைப்படுவதால் ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டமே என்றும், மூணு சீட்டைப்போல முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பியதன்று என்றும் உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பைப் பாதி மட்டும் படித்துவிட்டு வருகிறவர்களை என் அலுவலகத்தில் அடிக்கடி பார்க்கிறேன். அதே தீர்ப்பு, ரம்மியே ஆனாலும் பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து வீட்டுக்காரரோ மன்றமோ ஆதாயம் பார்த்தால் குற்றம் நிலைநாட்டப்படலாம் என்றும் சொல்கிறது. மன்றத்தில் சீட்டாட வருகிறவரிடம் கூடுதலாக ஒரு சிறு கட்டணம் வாங்கியதை நீதிமன்றம் ஆதாயமாகக் கருதவில்லை என்பது உண்மைதான். ஆனால் கட்டணம் அளவு மீறாதவரை என்ற எல்லையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. அந்த எல்லை எங்கே முடிகிறது என்பதை வழக்கு நடத்தித்தான் கண்டறிய வேண்டியிருக்கும் என்பதால், உங்களைப் போன்றவர்கள் அந்தச் சலுகையின் பக்கமே போக வேண்டாம். பஜ்ஜி, காப்பிச் செலவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதானால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, ஆடாதவர்களிடமும் சேர்த்து, சமமாக வாங்கிவிடுங்கள். ஜெயித்த காசிலிருந்து பஜ்ஜிக்குப் பத்து ரூபாய் எடுத்து வைக்கும் பழக்கம் பார்வைக்கு அப்பாவித்தனமானது. காவல் துறையின் ஆவணத்தில் அதற்குப் பெயர் வேறு.

தம்போலாவுக்கு இந்தக் கேடயம் கிடையாது. ஒன்று முதல் தொண்ணூறு வரை எண்களைக் கூப்பிட்டு அடிக்கும் ஆட்டத்தில் திறமைக்கு என்ன வேலை? குடும்பத்துக்குள் நடக்கும்வரை யாரும் கேட்கப் போவதில்லை என்றாலும், சீட்டுக்கு விலை வைப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு குடும்பமும் ஒரு பரிசுப் பொருள் கொண்டுவரட்டும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே வெளியே, மூணு சீட்டு ஆகியவற்றைக் காசு வைத்து ஆடவே வேண்டாம்.

இப்போது அந்த மனிதருக்கு வருகிறேன். அவர் உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் பங்குதான் சட்டம் தேடிக்கொண்டிருக்கும் ஆதாயம். அதை வாங்கிய நொடியில் உங்கள் வரவேற்பறையைச் சூதாட்ட விடுதி என்று வாதிட அரசுத் தரப்புக்கு வழி பிறக்கிறது. முன்பின் அறியாதவர்களுக்குச் சீட்டு விற்றுக் குலுக்கல் நடத்தினால், அரசு அனுமதியற்ற லாட்டரிக்கான, பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 297-ஆம் பிரிவும் வந்து சேரலாம். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். இப்படிப்பட்டவர்கள் சிக்கல் வந்ததும் தொலைபேசியை அணைத்துவிடுவார்கள். வீட்டு முகவரி உங்களுடையது. இவர்களில் சிலர் அடுத்த கட்டமாக, கைப்பேசிச் செயலியில் உங்களுக்கென்று தனி மேசை போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியிருக்கிறது. 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி அங்கே தப்ப முடியாது.

ஆட்டத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். காற்று வருகிறதென்று மொட்டை மாடிக்கோ வண்டி நிறுத்துமிடத்துக்கோ போக வேண்டாம். நான்கு குடும்பங்களின் பொதுப் பயன்பாட்டில் உள்ள மொட்டை மாடியைப் ‘பொது இடம்’ என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதிவிட்டு, அதை மறுத்து நிரூபிக்கும் வேலையை ஆடியவர்கள் தலையில் கட்டுவதைக் கண்டு எனக்குச் சலித்துவிட்டது. ஊரறிய மேசை போட்டு நடத்தும் இடங்களின் பக்கம் போகாத கால்கள், பண்டிகை நாளில் நூற்று இருபது ரூபாயுடன் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரைத் தேடி மாடி ஏறிவிடுகின்றன. அப்படி ஒருவேளை வழக்கு வந்துவிட்டால், ‘ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டுப் போங்கள், ஒரே நாளில் முடிந்துவிடும்’ என்று நீதிமன்ற வாசலில் யோசனை சொல்ல ஆள் இருப்பார். முடிவது அவருடைய வேலை மட்டுமே. நீங்கள் ஒப்புக்கொண்டது தண்டனையாகப் பதிவாகி, அரசு வேலைக்கோ கடவுச்சீட்டுக்கோ நடக்கும் காவல் துறைச் சரிபார்ப்பில் பல ஆண்டுகள் கழித்தும் முன்னால் வந்து நிற்கலாம். வீட்டுக்குள் ஆதாயமின்றி ஆடியவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

உங்கள் செயலாளர் நியாயமாக எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அதை அவர் எழுப்பவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. தம்போலா எண்களை நாத்தனார் மைக்கில் கூப்பிடுவதாக இருந்தால் ஆட்டத்தை ஒன்பது மணிக்கே தொடங்கிவிடுங்கள்.