பேனாக் கடைக்காரர் பதில்கள்: பந்தில் கையெழுத்து

கேள்வி: மகள் குடும்பம் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறது. பேரன் பேஸ்பால் ஆடுகிறான். அவனுடைய டீம் பையன்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பந்து ஒன்றைப் பொங்கலுக்கு வரும்போது எனக்குக் கொண்டுவருகிறானாம். "தாத்தா, அழியாமல் இருக்க மார்க்கர் நல்லதா, ஜெல் பேனா நல்லதா?" என்று போனில் கேட்கிறான். என்ன சொல்ல?
(ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், மன்னார்குடி)

பதில்: ரெண்டும் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஐயா. பாங்க் சலான் எழுதுகிறோமே, அந்தச் சாதா பால்பாயின்ட் போதும். நீல மை, பேனா புதுசாக இருக்கட்டும். கும்பகோணத்தில் நாற்பது வருஷமாகப் பேனா விற்றும் நிப் மாற்றியும் பிழைக்கிறவன் நான். விலை கூடின பேனா ஒன்றை உங்கள் தலையில் கட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த வேலைக்கு ரெனால்ட்ஸ் 045 மாதிரி ஒன்றை மீறி எதுவும் தேவைப்படாது.

மார்க்கர் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. 1994-இல் எங்கள் தெரு வாலிபால் டீம் வலங்கைமான் பக்கம் ஒரு டோர்னமென்டில் கப் அடித்தது. வெள்ளைத் தோல் பந்து. பார்சலில் விலாசம் எழுதுகிற கறுப்பு மார்க்கரை என் கடையிலிருந்து நானே எடுத்துப் போய் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். அன்றைக்கு அச்சடித்த மாதிரி இருந்தது. ரெண்டு அடைமழை போனதும் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் கத்தரிப்பூ நிறத்தில் கரை கட்டியது. பிறகு அது மஞ்சளாகப் பரவியது. 'ழ'வின் சுழி அடைத்துப்போய் 'மு'வா 'ழ'வா என்று தெரியவில்லை. எங்கள் செட்டர் காலமான பிறகு அவர் மகன் கடைக்கு வந்து, "அப்பா கையெழுத்து எதுங்க மாமா?" என்று கேட்டான். ஒரு ஊதாத் திட்டைக் காட்டினேன். அதுவும் உத்தேசமாகத்தான்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மார்க்கர் மை என்பது ஸ்பிரிட் வகையில் கரைத்த சாயம், தண்ணீராக ஓடும். தோலுக்குத் துவாரம் உண்டு, குடித்துக்கொண்டே போகும். கறுப்பு மையில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே சாயம் அல்ல. சாக்பீஸில் மார்க்கரால் ஒரு வளையம் போட்டு, அடிப்பக்கம் மட்டும் நனைகிற மாதிரி ஸ்பிரிட்டில் நிறுத்தினால் நிறம் நிறமாகப் பிரிந்து ஏறுமே, வகுப்பில் செய்து காட்டியிருப்பீர்கள். அதே கூத்து தோலுக்குள் வருஷக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பசை, தேன் பதத்தில் இருக்கும். முனைக் குண்டு உருண்டு அதைத் தோலில் அழுத்தி வைக்கிறது, லேசாக ஒரு பள்ளமும் விழுகிறது. தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் இருக்கிற ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாணியால் கீறி, அந்தப் பள்ளத்தில் கரியைத் தேய்த்து நிறுத்தினார்கள். பால்பாயின்ட் அதற்குத் தூரத்துச் சொந்தம்.

ஜெல் மை தோலில் சட்டென்று காயாது. கட்டைவிரல் பட்டால் இழுபட்டுவிடும்.

பேஸ்பாலைக் கையில் வாங்கியதும் தையலைப் பாருங்கள். ரெண்டு துண்டு வெள்ளைத் தோலைச் சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல் போட்டு இணைத்திருப்பார்கள். (பாபநாசம் 108 சிவாலயத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். ஆனால் பந்தில் இதற்குப் பக்தி காரணம் எதுவும் இல்லை.) ரெண்டு பக்கத் தையலும் நெருங்கி வருகிற ஒடுக்கமான இடம் ஒவ்வொரு துண்டிலும் ஒன்று உண்டு. கம்பெனி எழுத்து அச்சடிக்காத பக்கத்து ஒடுக்கத்தில்தான் தனி ஆட்டக்காரர் கையெழுத்து வாங்குவார்கள். டீம் பந்து என்றால் அந்த இடத்தைக் கோச்சுக்கு விட்டுவைப்பது வழக்கம். பையன்கள் சுற்றிலும் போடட்டும்.

உருண்டைமேல் எழுதுவதுதான் சங்கடம். பந்தின் சுற்றளவு 9 அங்குலம், கொஞ்சம் கூட இருக்கலாம். நம் காபி டம்ளரின் வாயில் வைத்தால் அசையாமல் உட்காரும். பேரன் வீட்டில் டம்ளர் இல்லாமலா இருக்கும்! புதுப் பேனாவின் முனையில் மை கட்டியிருக்கும், முதலில் காகிதத்தில் நாலு சுழி சுழித்துவிடச் சொல்லுங்கள். ஒரே அழுத்தம், நிதானமான கை. பிள்ளைகள் தையலைப் பிடித்துக்கொள்ளட்டும், தோலில் வியர்வைக் கை படக் கூடாது. எழுதியதும் ஊதுவது, துடைப்பது எதுவும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு பெட்டியில் போடட்டும்.

மன்னார்குடிக்கு வந்த பிறகு பொறுப்பு உங்களுடையது. வெயில் பால்பாயின்ட் மையையும் வெளுக்கவைக்கும். ஜன்னலோர ஷோகேஸ் கூடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் பூஞ்சை பிடிக்கும். மூடி உள்ள கண்ணாடிப் பெட்டி, உள்ளே செருப்பு டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு. பளபளப்புக்கு வார்னிஷ் அடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகிவிடும்.

கேள்வி: மை ஊற்றி எழுதும் பேனாவால் பந்தில் கையெழுத்துப் போடலாமா?
(வாசகி, மயிலாடுதுறை)

பதில்: போட்டிருக்கிறார்கள், அம்மா. பழைய பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் ஆட்டத்தை விட்டது 1935-இல். அமெரிக்கக் கடைகளில் பால்பாயின்ட் விற்பனைக்கு வந்ததே 1945 அக்டோபரில். அதனால் அந்தக் காலத்துப் பந்துகளில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் இங்க் பேனாக் கையெழுத்து. ஆனால் அந்த மை தண்ணீரில் கரைத்தது. ஈரக் கை ஒன்று பட்டால் போச்சு. என் பிழைப்பே இங்க் பேனாதான், இருந்தாலும் இதற்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: சிவப்பு கிரிக்கெட் பந்தில் பால்பாயின்ட் தெரிவதே இல்லையே?
(கல்லூரி மாணவர், திருவாரூர்)

பதில்: தெரியாது, தம்பி. மேலே பூசியிருக்கும் பாலிஷில் குண்டு வழுக்கவும் செய்யும். அதற்கு வெள்ளி நிற பெயின்ட் மார்க்கர் வாங்குங்கள். நன்றாகக் குலுக்கி, காகிதத்தில் ஓடவிட்டுப் பார்த்து எழுதுங்கள். பெயின்ட் மேலேயே காய்ந்து நிற்கும், சாயம் மாதிரி உள்ளே பரவாது. ஆனால் அந்தப் பந்தை எடுத்து ஒரு ஓவர் போட்டுப் பார்க்கலாமே என்று கை அரிக்கும். ஒரே ஓவர், பாதிக் கையெழுத்து பேட்டில் ஒட்டியிருக்கும்.