மூலிகைக் கஷாயம் கொடுத்தும் பிராய்லர் எடை ஏறவில்லை, என்ன செய்வது?

கேள்வி: ஐயா, உடுமலைப் பக்கம் 3,000 பிராய்லர் கோழிகளைக் கம்பெனி ஒப்பந்தம் இல்லாமல் சொந்தமாக வளர்க்கிறேன். பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொதிக்கவைத்து, வெல்லம் கரைத்து, குஞ்சு இறங்கிய நாளிலிருந்தே தினமும் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றுகிறேன். கடையில் கொடுத்த மூலிகை வளர்ச்சி டானிக்கும் சேர்க்கிறேன். ஆனாலும் போன இரண்டு பேட்ச்சிலும் 35 நாளில் 1.65 கிலோவைத் தாண்டவில்லை. ஒரு கிலோ எடைக்கு 1.9 கிலோ தீவனம் போகிறது. கஷாயத்தைக் கூட்டலாமா? முருங்கை இலைப் பொடி சேர்க்கலாமா? அடுத்த குஞ்சு 10ஆம் தேதி வருகிறது, பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, கஷாயத்தைக் கூட்ட வேண்டாம். தொட்டியில் ஊற்றுவதையே நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தில் மூலிகையின் பெயரெல்லாம் இருக்கிறது, 7ஆம் நாள் எடை இல்லை. குஞ்சு 42 கிராமில் இறங்கினால், ஒரு வாரத்தில் அதைப்போல் நாலரை மடங்கு, அதாவது 190 கிராம் அளவுக்கு வந்திருக்க வேண்டும். உங்கள் குஞ்சு 150இல் நின்றிருந்தால் அப்புறம் எந்த மூலிகையும் அதை ஈடுகட்டாது.

என் சந்தேகம் முழுக்க, குஞ்சு கொத்தினால் தண்ணீர் சொட்டும் உங்கள் நிப்பிள் குழாய் மேல்தான். முதல் நாள் ஒரு குஞ்சு குடிப்பது 25 மில்லி அளவுதான். 3,000 குஞ்சுக்கும் சேர்த்து 75 லிட்டர். அவ்வளவு மெதுவாக நகரும் தண்ணீர், குஞ்சுக்கு வெப்பம் தரும் ப்ரூடர் சூட்டில், வெல்லத்தோடு, மூலிகைச் சக்கையோடு குழாய்க்குள் நாள் முழுக்கக் கிடக்கிறது. கிருமி வளர்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. பல்லடம் பக்கம் ஒரு ஷெட்டில் இதே புகாருக்குப் போனேன். குழாயின் கடைசி மூடியைக் கழற்றி விரலை விட்டால், உள்சுவர் முழுக்க வழவழவென்று பழுப்புப் பாசி. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது, புளித்த கஞ்சி வாடை அடித்தது. பத்து நிப்பிளைத் தட்டிப் பார்த்தேன், மூன்றில் சொட்டே வரவில்லை. தண்ணீர் குடிக்காத குஞ்சு தீவனம் எடுக்காது. குடித்த குஞ்சுக்கோ குடல் கெட்டது. குடலுக்கு நல்லது என்று கொடுத்த மருந்தே குடலைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

உங்கள் குழாயையும் இன்றே திறந்து பாருங்கள். ஷெட் இப்போது காலியாக இருப்பதால் வேலை சுலபம். 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை 100 லிட்டர் தண்ணீருக்கு 2 முதல் 3 லிட்டர் கலந்து குழாயில் நிரப்பி, இரவு முழுக்க நிற்க விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள், தோலைச் சுட்டுவிடும். காலையில் மூடியைத் திறந்துவிட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை வேகமாக ஓடவிடுங்கள். ஒவ்வொரு நிப்பிளையும் கையால் தட்டுங்கள். குஞ்சு இறங்கிய பிறகும் முதல் வாரம் தினம் இரண்டு வேளை குழாயைக் கழுவி விடவேண்டும். பிரயாணக் களைப்புக்கு வெல்லத் தண்ணீர் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் கை ட்ரிங்கரில் வையுங்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துக் கழுவிவிடுங்கள். இராணிக்கெட், கம்போரோ நோய்களுக்கான தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும் நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் கஷாயமோ குளோரினோ எதுவும் கூடாது.

சரி, மூலிகையே வேண்டாமா? வேண்டும், தீவனத்தில். 50 கிலோ மூட்டைக்கு 250 கிராம் மஞ்சள்தூள், 100 கிராம் ஓமத்தூள். ஐரோப்பாவில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடுவதை 2006 ஜனவரியில் தடை செய்தார்கள். அதற்குப் பிறகு அங்கே சந்தையைப் பிடித்த மூலிகைச் சேர்மானங்களில் தைமால் என்ற வாசனைப் பொருள் முக்கியமானது. நம் ஓமத்தின் காரமும் வாசனையும் அதே தைமால்தான். குருணைத் தீவனத்தில் தூளை அப்படியே போட்டால் சாக்கின் அடியில் தங்கிவிடும். ஒரு டம்ளர் தவிட்டு எண்ணெயைத் தீவனத்தில் பிசிறி, அதன்மேல் தூவிக் கலக்குங்கள். முதல் மூன்று வாரம் போதும். அதுவரை உங்கள் கோழிகள் தின்பது 3.3 டன் அளவுதான், மஞ்சள் சுமார் 17 கிலோவில் முடிந்துவிடும். ஈரோட்டு விரலி மஞ்சள் வாங்கிக் காயவைத்து நீங்களே அரையுங்கள். பளீரென்று மஞ்சளடிக்கும் மலிவுத் தூளில் ஈயக் குரோமேட் என்ற நச்சுச் சாயக் கலப்படம் இருக்கலாம். பூசணம் பிடித்த விரலியையும் ஒதுக்குங்கள், பூசணத்தின் நஞ்சான அஃப்ளாடாக்சின் ஈரலை அரித்துவிடும். ஈரல் போனபிறகு கீழாநெல்லியைத் தேடி ஓடுவதில் பயனில்லை.

முருங்கைப் பொடியில் புரதம் 25 சதவீதத்துக்குமேல் உண்டு, ஆனால் நாரும் உண்டு. மூட்டைக்கு ஒரு கிலோவைத் தாண்டினால் தீவனத்தின் எரிசக்தி குறைந்து, எடையும் குறையும்.

அந்த டானிக்கை நான் என் ஷெட் வாசலிலேயே நிறுத்தியிருப்பேன். லேபிளில் பன்னிரண்டு மூலிகைப் பெயர் இருக்கும், எது எத்தனை மில்லிகிராம் என்று இருக்காது. குஞ்சு, தீவனம், டானிக் மூன்றையும் கடனுக்குக் கொடுக்கும் கடைக்காரர் உங்கள் கோழிக்கு வைத்தியம் சொல்லக்கூடாது. அவர் கண் பாக்கி நோட்டில் இருக்கிறது. மூலிகை என்று எழுதிய பாட்டில் நாலே நாளில் எடையைத் தூக்கினால், உள்ளே ஆன்டிபயாடிக் இருக்குமோ என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்க 2019இலேயே நம் அரசு தடை போட்டுவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பாட்டிலுக்கு, விற்பனைக்கு எத்தனை நாள் முன் நிறுத்துவது என்று யார் சொல்வது? அந்தக் கறியை உடுமலையில் ஒரு பிள்ளை சாப்பிடும், தம்பி.

டானிக்குக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு நல்ல மின் தராசு வாங்குங்கள். இந்த முறை 7ஆம் நாள், ஷெட்டின் நாலு மூலையிலும் நடுவிலும் இருபது இருபதாக நூறு குஞ்சைப் பிடித்து எடை போட்டு, மூலை வாரியாக எனக்கு எழுதுங்கள். குழாய் மூடியைக் கழற்றியபோது விரலில் என்ன வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.