படத்தை மறைக்கட்டுமா, டீச்சர்?

(தொடக்கப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் படத்தைப் பார்த்தே கதையைச் சொல்லி முடித்துவிடுகிறான். எழுத்துப் பக்கம் கண்ணே போவதில்லை. ‘குருவி’ என்று அச்சாகியிருந்தால், பறவைப் படத்தைப் பார்த்துவிட்டு ‘கிளி’ என்கிறான். படத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிடு என்கிறார் மாமியார். செய்யலாமா டீச்சர்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: ஒட்ட வேண்டாம் அம்மா. படத்தைப் பார்த்துக் கதை சொல்கிற பிள்ளைக்கு, கதை என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. ஒருவர் வருவார், அவருக்கு ஏதோ நடக்கும், கடைசியில் இன்னது ஆகும் என்பதெல்லாம் அவன் மனதில் இருக்கிறது. எழுத்து தெரிந்தும் இது வராமல் தவிக்கிற பிள்ளைகள் நிறைய. உங்கள் மகனிடம் இருப்பதை மூடி வைக்காதீர்கள்.

அதற்காக அந்தக் ‘கிளி’யை அப்படியே விட்டுவிடவும் கூடாது. என்ன வார்த்தை என்பதை எழுத்துதான் சொல்ல வேண்டும். அங்கே என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ளத்தான் படம். வகுப்பில் நான் விடாப்பிடியாக இருந்தது இந்த ஒரு விஷயத்தில்தான். வார்த்தையைப் படத்தை வைத்து ஊகிக்கப் பழகிய பிள்ளை, மேல் வகுப்பில் படம் குறையக் குறையத் திணறும். நம் எழுத்துக்கு அந்த ஊகம் தேவையும் இல்லை. ‘கடல்’ என்பதில் வரும் ‘க’ ஒரு மாதிரியும், ‘மகள்’ என்பதில் வருவது இன்னொரு மாதிரியும் ஒலிக்கும். அப்படிச் சில இடங்கள் உண்டு. மற்றபடி எழுத்துக் கூட்டினால் வார்த்தை தானாக வந்து நிற்கும். அதனால் அவன் ‘கிளி’ என்றதும், தப்பு என்று அதட்டாமல் முதல் எழுத்தில் விரலை வைத்து, “இது கியா, குவா?” என்று மட்டும் கேளுங்கள். மேலே கொக்கி இல்லை, கீழே சுழி இருக்கிறது என்று அவனே பார்த்துவிடுவான்.

வாசிக்கும் முறையையும் கொஞ்சம் மாற்றுங்கள். புத்தகத்தைப் பிரித்ததும் எழுத்துக்குப் போகாமல், இரண்டு பேரும் எல்லாப் பக்கத்தின் படங்களையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். “யார் யார் இருக்காங்க? எந்த இடம் இது?” அவ்வளவு போதும். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, எழுத்தை அவன் வாசிக்கட்டும். வாசித்து முடித்த பிறகு மறுபடியும் படம். இந்த இரண்டாவது பார்வையில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ‘அணில் கொய்யாப்பழம் தின்றது. சரசரவென்று சத்தம் கேட்டது. அணில் ஓடியது.’ இவ்வளவுதான் எழுத்து. சத்தம் போட்டது யார் என்று எங்கும் சொல்லவில்லை. “யாருடா அது?” என்று கேளுங்கள். படத்தில் மரத்தடியில் சருகு, அடிமரத்துக்குப் பின்னால் ஒரு வால் நுனி. “நாய் வந்துடுச்சு!” என்பான். அங்கே நிறுத்தாதீர்கள், “எப்படிச் சொல்றே?” என்று கேளுங்கள். வாலைத் தொட்டுக் காட்டுவான். அப்புறம், “சரசரன்னு ஏன் கேட்டுச்சு?” என்றால் விரல் சருகுக்குப் போகும். வாலும் சருகும் படத்தில், சரசர எழுத்தில். இரண்டையும் சேர்த்து, யாரும் சொல்லாத ஒன்றை அவனே கண்டுபிடித்துவிட்டான். வாசித்துப் புரிந்துகொள்வது என்று நாம் பேசுவது இதைத்தான். ‘பூனை’ என்று சொல்லி, வால் அப்படித்தான் இருக்கிறது என்று காரணமும் சொன்னால், அதுவும் நல்ல பதிலே. அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் கடகடவென்று வாசிக்கிறாள். ஒரு பிழை இல்லை. என்ன வாசித்தாய் என்றால் முழிக்கிறாள்.
— வாசகர், தென்காசி

பதில்: இவளுக்குப் படத்தைக் காட்டுவதைவிட, படம் போட வையுங்கள். நாலு வரியை வாசிக்கச் சொல்லி, பக்கத்துப் படத்தைப் பார்க்கும் முன்பே ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். குச்சி மனிதர்கள் போதும், அழகு பார்க்க வேண்டாம். ‘மூட்டை ஏற்றிய வண்டி மேட்டில் நின்றுவிட்டது. இரண்டு மாடுகளுக்கும் மூச்சு வாங்கியது’ என்று பாடத்தில் இருக்கிறது. அவள் ஒரு லாரியை வரைகிறாள் என்று வையுங்கள். ‘வண்டி’ என்ற சொல்லோடு மனது நின்றுவிட்டது, அடுத்த வரி உள்ளே போகவே இல்லை என்பது உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். கேள்வி கேட்டால் அவள் மௌனமாக இருந்திருப்பாள். தாள் காட்டிக்கொடுத்துவிடுகிறது. திருத்தாதீர்கள். “மூச்சு வாங்கியது யாருக்கு?” என்று கேட்டு அந்த வரிக்குத் திருப்பி அனுப்புங்கள். லாரியை அடித்துவிட்டு மாடு வரைவாள். மேடு எங்கே, மூட்டை எங்கே என்று அவளே தேடத் தொடங்குவாள். கடைசியில் புத்தகத்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஓவியர் விட்டதை இவள் போட்டிருந்தால் மனதாரப் பாராட்டுங்கள்.

வேகத்தைப் பாராட்டுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். நாம் எதைப் பாராட்டுகிறோமோ அதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள்.

கேள்வி: அறிவியல் பாடத்தில் உணவுச் சங்கிலிப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘புல் வெட்டுக்கிளியைத் தின்னும்’ என்று எழுதியிருக்கிறான் என் பேரன். படம் பார்த்துமா புரியவில்லை?
— வாசகி, சேலம்

பதில்: அம்மா, படம் பார்த்ததால்தான் அப்படி எழுதினான்! புல்லிலிருந்து அம்புக்குறி கிளம்பி வெட்டுக்கிளியைத் தொடுகிறது. அங்கிருந்து தவளைக்கு, தவளையிலிருந்து பாம்புக்கு. யார் யாரைப் பாய்ந்து பிடிக்கிறார்கள் என்று அம்புக்குறி காட்டுவதாகக் குழந்தை எடுத்துக்கொள்வது இயல்பு. அது காட்டுவது உணவு, அதிலுள்ள ஆற்றல், யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை. நீர்ச்சுழற்சிப் படத்தில் அதே அம்புக்குறி தண்ணீர் போகும் திசை. செடியின் படத்தில் ‘வேர்’, ‘தண்டு’ என்று பெயர் சொல்ல மட்டும் ஒரு கோடு. மூன்றுக்கும் ஒரே மாதிரி கோடு, பொருள் வேறு வேறு. இதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

பாடப்படம் எதுவானாலும், “இந்தக் கோடு என்ன சொல்லுது?” என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். இன்னொன்றும் செய்யலாம். 1658-இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் கொமேனியஸ் என்ற கல்வியாளர் குழந்தைகளுக்காக ஒரு படப் பாடநூலை வெளியிட்டார். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், கீழே பாடத்தில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலும் அதே எண். பென்சிலால் உங்கள் பேரனும் அதைச் செய்யட்டும். வாக்கியத்தில் ‘வெட்டுக்கிளி’ வரும் இடத்தில் 2, படத்திலும் 2. கண் இரண்டுக்கும் நடுவே போய் வந்தபடி இருக்கும். ‘வெட்டுக்கிளி புல்லைத் தின்கிறது’ என்ற வரிக்கு எண் போடும்போதே தன் தவறு அவனுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: நல்ல படப் புத்தகங்கள் விலை அதிகமாக இருக்கின்றனவே, என்ன செய்வது?
— வாசகர், மதுராந்தகம்

பதில்: அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால், பிள்ளைகளின் வாசிப்புக்காகத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்களைப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வந்தவை. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைப் படங்களோடு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். செல்போனில் சின்னதாகக் காட்டாமல், பிடித்த ஒன்றிரண்டை அச்செடுத்து நூலால் தைத்துக் கொடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் செலவும் குறையும், வண்ணத்தைப் பிள்ளையே பூசிக்கொள்ளும். பூசும்போது, “பாவாடை என்ன கலர்னு கதையில வருதா, பாரு” என்று சொல்லி வையுங்கள்.