மாஸ்டா 13பி இன்ஜினில் எடை குறைந்த ரோட்டர் மாற்றினால் பேலன்சிங் அவசியமா?

அவசியம். 13பி ரோட்டரி இன்ஜின்; இதில் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர்கள் ஒரு ஷாஃப்டில் சுழலும். அம்பத்தூர்ப் பக்கம் லேத் பட்டறையில் "இதில் பிஸ்டனே இல்லையே, எதற்கு பேலன்ஸ்?" என்று கேட்பார்கள். அதை நம்பி பேலன்ஸ் செய்யாமல் வந்துவிடாதீர்கள்.

13பி-யில் இரண்டு ரோட்டர்கள் 180 டிகிரி எதிரெதிராக இருக்கின்றன. அதனால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று சமன் செய்துவிடும். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் இல்லை, ஷாஃப்டில் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. ஷாஃப்ட் சுழலும்போது அது தன் இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கம் ஆட்டப் பார்க்கும். அதை அடக்கத்தான் முன்பக்கம் ஒரு எதிர் எடை, பின்பக்கம் ஒன்று. பழைய எடைக்குக் கணக்குப் போட்ட எதிர் எடையை லேசான ரோட்டரோடு சேர்த்தால், அந்த எடை கூடுதலாகிவிடும்.

வேகம் ஏற ஏற இது பெரிதாகும். 6000 ஆர்பிஎம்-இல் இருக்கும் விசை 9000-இல் 2.25 மடங்கு. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டும் எண்ணம் இருந்தால் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. முதலில் அடிபடுவது பேரிங்தான்.

ரோட்டரின் பக்கவாட்டில் ஒரு ஆங்கில எழுத்து குத்தியிருக்கும், ஏ முதல் இ வரை. அது எடைப் பிரிவு. டார்ச் அடித்துப் பாருங்கள், இரண்டிலும் ஒரே எழுத்தாக இருந்தால் நல்லது.

அப்புறம், ஃப்ளைவீல், அதாவது ஷாஃப்டின் பின் முனையில் இருக்கும் கனமான சக்கரம். மேனுவல் வண்டியின் ஒரிஜினல் ஃப்ளைவீலிலேயே பின் எதிர் எடை வார்க்கப்பட்டிருக்கும். லேசான ஃப்ளைவீல் போட்டால் ஆட்டோமேட்டிக் வண்டியில் வரும் தனி எதிர் எடையைச் சேர்த்து வாங்குங்கள். ரோட்டர், ஷாஃப்ட், இரண்டு எதிர் எடைகள், ஃப்ளைவீல் எல்லாவற்றையும் ஒரே செட்டாகக் கொடுத்து பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள்.