ஸ்கோஷியா: மர மில்லுக்குச் சொந்தமாக இருந்த ஊர்

ஒரு மரக் கம்பெனிக்கே முழுசாகச் சொந்தமாக இருந்த கலிஃபோர்னியாவின் ஸ்கோஷியா ஊர் பற்றியும், அந்தக் கம்பெனி மர்ஃபி குடும்பத்திடமிருந்து கைமாறியது பற்றியும் நான் எழுதியதற்கு வந்த கேள்விகள் நிறைய. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஊரே கம்பெனிக்குச் சொந்தமாக இருந்ததா?

ஆமாம். மாநிலத்தின் வட பகுதியில், ஈல் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1863-ல் தொடங்கிய பசிபிக் லம்பர் கம்பெனியின் ஊராக இருந்தது. சுமார் 270 வீடுகள், கடை, தியேட்டர் எல்லாமே அப்போது கம்பெனியுடையவை. வாடகை குறைவாகத்தான் இருந்தது, ஆனால் வீடு வேலையோடு ஒட்டியிருந்தது. 1920-ல் கட்டிய வங்கிக் கட்டடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். கிரேக்கக் கோவில் பாணி, ஆனால் தூண்கள் பளிங்கு இல்லை. பட்டைகூட உரிக்காத முழு ரெட்வுட் மரங்கள்!

கேள்வி: ரெட்வுட் என்றால் நம்ம செம்மரமா?

இல்லவே இல்லை. இது 300 அடிக்கு மேல் வளரும் ஊசியிலை மரம். பட்டையே ஒரு அடி கனம் வரும். மில்லில் அடிமரத்தின் மேல் உயர் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். பட்டை நார்நாராகக் கிழிந்து விழும்.

கேள்வி: மர்ஃபி குடும்பத்தின் கம்பெனியை வெளியாள் எப்படிப் பிடுங்க முடியும்?

நல்ல கேள்வி. பசிபிக் லம்பரை நடத்தியது மர்ஃபி குடும்பம், ஆனால் பங்குகள் இருந்தது சந்தையில். அதுதான் ஓட்டை. 1930-களிலிருந்தே மர்ஃபிகள் காட்டை மொட்டையடிக்காமல், பொறுக்கி வெட்டினார்கள். கடனும் வைக்கவில்லை. அதனால் கம்பெனியின் பங்கு விலையைவிட, வெட்டாமல் நின்ற மரங்களின் மதிப்பு அதிகம். சிக்கனமாக இருந்ததே வினையாகிவிட்டது என்பேன். 1985-ல் டெக்சாஸைச் சேர்ந்த சார்லஸ் ஹர்விட்ஸின் மேக்ஸம் நிறுவனம், ஜங்க் பாண்டு (ஆபத்து அதிகம், அதனால் வட்டியும் அதிகமான கடன் பத்திரம்) மூலம் வாங்கிய கடனில் பங்குக்கு 40 டாலர் கொடுத்து வளைத்துப் போட்டது. அப்புறம் கடனை அடைக்க, வெட்டும் அளவு இரண்டு மடங்குக்கு மேல் போனது. தொழிலாளர் பென்ஷன் நிதியில் உபரியாக இருந்த 5 கோடி டாலருக்கு மேற்பட்ட பணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பென்ஷன் பொறுப்பை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் தள்ளிவிட்டார்கள். அது 1991-ல் கவிழ்ந்தது. தங்கம் யார் கையிலோ அவன் வைத்ததே சட்டம் என்று தொழிலாளர்களிடமே வேடிக்கையாகச் சொன்னவர் ஹர்விட்ஸ்.

கேள்வி: மரத்தில் ஏறி உட்கார்ந்த பெண் இந்தக் கம்பெனியை எதிர்த்துத்தானா?

ஆமாம். ஜூலியா பட்டர்ஃபிளை ஹில். ஒரு ரெட்வுட் மரத்தை வெட்டவிடாமல் தடுக்க 1997 டிசம்பரில் ஏறினார், 738 நாள் கழித்துத்தான் இறங்கினார். அவர் மேலே இருந்தபோதே, 1999-ல், ஹெட்வாட்டர்ஸ் என்ற ரெட்வுட் காட்டில் 7,472 ஏக்கரை அரசு வாங்கிப் பாதுகாத்தது.

கேள்வி: இப்போது ஊர் யாரிடம்?

கம்பெனி 2007-ல் திவாலானது. அடுத்த ஆண்டு காடும் மில்லும் ஹம்போல்ட் ரெட்வுட் கம்பெனிக்குப் போயின. அதன் பின்னால் இருப்பது கேப் (Gap) என்ற துணிக்கடைகளைத் தொடங்கிய ஃபிஷர் குடும்பம்; சுற்றி மறுபடியும் ஒரு குடும்பம்! ஊர் மட்டும் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தது. வீடுகளை விற்கலாம் என்றால், மொத்த ஊரும் ஒரே ஆளின் சொத்தாக இருந்த இடம் அது. வீட்டுக்கு வீடு எல்லை பிரித்து, தனித்தனி மனையாக்கி, அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக விற்க முடிந்தது.