சுருதி சேராத பிள்ளைக்கும் பாட்டு வகுப்பு வேண்டும்

கேள்வி: என் மகள் மாநகராட்சிப் பள்ளியில் 7-ஆம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் இலவசமாகப் பாட்டு சொல்லித்தருகிறார்கள், ஆசையாகப் போகிறாள். ஆனால் சுருதி சேரவில்லையாம். நன்றாகப் பாடுகிறவர்களை மட்டும் கலைத் திருவிழாப் போட்டிக்காக வைத்துக்கொண்டு மற்றவர்களை நிறுத்தப்போகிறார்கள். “பாட்டெல்லாம் மயிலாப்பூர்ப் பிள்ளைகளுக்கு. நம் பிள்ளைக்குக் கணக்கு வந்தால் போதும்” என்கிறார் என் கணவர். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், காசிமேடு

பதில்: அன்புச் சகோதரி, மகளை நீங்களும் நிறுத்தாதீர்கள், பள்ளியையும் நிறுத்த விடாதீர்கள்.

சுருதி பெரும்பாலான குழந்தைகளுக்குக் கேட்டுக் கேட்டுத்தான் படியும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையைப் பள்ளி கழித்துவிட்டால், மாதக் கட்டணம் கட்டித் தனி வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். உங்கள் மகளுக்கு அந்தப் பள்ளியை விட்டால் வேறு இடம் எது? நன்றாகப் பாடுகிறவர்களுக்கு மட்டும் இலவசம் என்றால் அது பரிசு, கல்வி ஆகாது.

ஒரு நாள் அந்த வகுப்பு வாசலில் நின்று பாருங்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடம் நடக்கும். ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு இரண்டு முறை தட்டித் திருப்பல், மொத்தம் எட்டு. முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கை தன் வேகத்தை மாற்றக் கூடாது. முந்துகிற பிள்ளை பக்கத்தில் இருப்பவளைக் கேட்டுத் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதில் இதைப் பழகுவது சின்ன விஷயமா? இதனால் கணக்கில் மதிப்பெண் ஏறும் என்று உங்கள் கணவருக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பாட்டு பாட்டுக்காகவே வேண்டும்.

மயிலாப்பூர்ப் பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் வடசென்னையிலேயே இருக்கும் திருவொற்றியூர் வடிவுடையம்மன் மீது தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். பெரிய வீணைக் கலைஞர் வீணை தனம்மாள் வாழ்ந்தது பக்கத்து ஜார்ஜ் டவுனில். கானா பாட்டு பிறந்து வளர்ந்ததே உங்கள் தெருக்களில். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி ஆக வேண்டியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் இடத்தில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். போட்டிக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கட்டும், வகுப்பு எல்லோருக்கும் நடக்கட்டும் என்று மனு எழுதிக் கேளுங்கள். பாட்டு ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். போட்டிக்குத் தயார் செய்ய வேண்டிய நெருக்கடி அவருக்கும் இருக்கும்.

வீட்டில் செல்போனில் தம்புரா ஒலியைப் போட்டு, காலையில் பத்து நிமிடம் ‘ச’ மட்டும் நீட்டிப் பாடச் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம்.

மனு எழுதும்போது உங்கள் மகள் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். கழிக்கப்படவிருக்கும் அத்தனை பிள்ளைகளின் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.