30-வது புத்தகத்தைப் பிரிக்கலாமா?

வாசகர் கேள்வி:

அக்கா, பன்னிரண்டு வயதில் என் கைக்கு ஜோ டெவர் எழுதிய 'லோன் வுல்ஃப்' முதல் புத்தகம் கிடைத்தது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. 29 வரை முடித்துவிட்டேன். 2016 நவம்பரில் டெவர் காலமானார். மிச்சக் கதையை அவர் மகனும் இன்னொருவரும் சேர்ந்து எழுதினார்கள். 30, 31 இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். பிரிக்க மனம் வரவில்லை. பிரித்தால் அவருக்குத் துரோகம் செய்வதுபோல இருக்கிறது. பிரிக்காவிட்டால் கதையை நடுவழியில் விட்டுவிட்டு வந்ததுபோல இருக்கிறது. இதற்கிடையில் என் மகள் (வயது 14) முதலிலிருந்து ஆரம்பித்து இப்போது 27-ல் இருக்கிறாள். சீக்கிரமே 30-ஐக் கேட்பாள். கொடுப்பதா, 29-ஓடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, மகளிடம் 30-ஐக் கொடுத்துவிடுங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் உங்களிடம்தான் இருக்கிறது. அதைப் பேசுவோம்.

இந்த வகைப் புத்தகத்தைப் பார்த்திராதவர்களுக்காக நாலு வரி. இது கேம்புக். கதை சின்னச் சின்னப் பத்திகளாக உடைத்து, எண் போட்டு, கலைத்து வைக்கப்பட்டிருக்கும். லோன் வுல்ஃப் புத்தகங்களில் பெரும்பாலும் 350 பத்திகள். கதாநாயகன் 'அவன்' இல்லை, 'நீ'. இடப்பக்கம் போகிறாயா, இந்த எண்ணுக்குப் போ. கதவைத் திறக்கிறாயா, அந்த எண்ணுக்குப் போ. சண்டை வந்தால் கடைசிப் பக்கத்திலுள்ள எண் கட்டத்தில், கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலின் மொண்ணை முனையை வைக்க வேண்டும். எந்த எண்ணில் படுகிறதோ அதுதான் உன் விதி. நானும் ஆடியிருக்கிறேன். கண்ணை மூடு என்றால் முழுசாகவா மூடுவோம்? கொஞ்ச நாளில் எந்த மூலையில் நல்ல எண் இருக்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும். தப்பான வழியில் போய்ச் செத்துவிட்டால் திரும்பி வருவதற்காகப் பழைய பக்கத்தில் ஒரு விரலைச் சொருகி வைத்திருப்போம். சில நாள் ஐந்து விரலும் புத்தகத்துக்குள் இருக்கும், பக்கம் திருப்ப மூக்குதான் மிச்சம்.

சரி, துரோகம் என்கிறீர்களே, யாருக்குத் துரோகம்?

1984-ல் முதல் புத்தகம் வந்தது. தொடர் மொத்தம் 32 என்பது டெவரே போட்ட கணக்கு. 1998-ல் 28-வது வந்ததோடு பதிப்பகம் நிறுத்திக்கொண்டது. கதை அந்தரத்தில் நின்றது. அடுத்த வருடமே, 1999-ல், தன் புத்தகங்களை வாசகர்கள் இணையத்தில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். கடைகளில் கிடைக்காமல் போன காலத்திலும் தொடர் சாகாமல் இருந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். 29-வது வந்தது 2016-ல், பதினெட்டு வருட இடைவெளிக்குப் பிறகு. அதே வருடம் அவரும் போய்விட்டார். பாக்கி மூன்று புத்தகங்களுக்கான குறிப்புகள் இருந்தன. அவற்றை வைத்து மகன் பென்னும் வின்சென்ட் லஸாரியும் எழுதினார்கள். பதினெட்டு வருடம் கழித்தும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிய மனுஷன், கதை 29-ல் நின்றால் போதும் என்று நினைத்திருப்பாரா?

வேண்டாம் என்று நினைக்கிற எழுத்தாளர்களும் உண்டு. அவர்கள் அதைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி ப்ராட்செட் 2015-ல் இறந்தார். முடிக்காத நாவல்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை ரோடு ரோலர் ஏற்றி நசுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 2017 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் நடந்த ஒரு நீராவி இயந்திரத் திருவிழாவில் பழைய நீராவி ரோலரை அதன்மேல் பலமுறை ஏற்றினார்கள். அந்தப் பெட்டி லேசில் மசியவில்லை. கடைசியில் கல் உடைக்கும் இயந்திரத்தில் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு யாராவது அந்தக் கதைகளை எழுத வந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கோபப்படுவேன். டெவர் விஷயம் நேர்மாறானது. ஒருவர் 'அழி' என்றார், இன்னொருவர் குறிப்பு வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் ஒரே மரியாதையைத்தான் செய்கிறோம், அவரவர் சொன்னதைக் கேட்பது.

அப்பா விட்டதைப் பிள்ளை முடிப்பது நமக்கும் புதிதில்லை. கல்கி 1954-ல் மறைந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது; அவர் குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்திதான் முடித்தார். அதற்கும் முன்னால், 7-ஆம் நூற்றாண்டில், பாணபட்டர் 'காதம்பரி' என்ற சம்ஸ்கிருதக் கதையை முடிக்காமல் இறந்தார். மகன் பூஷணபட்டர் எழுதி முடித்தார். தன் பகுதியின் தொடக்கத்தில் அவர் சொல்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்பா சொர்க்கம் போனதும் அவர் பேச்சோடு கதையும் அறுந்துவிட்டது, அது முடியாமல் கிடப்பதைப் பார்த்து நல்லவர்கள் வருந்தினார்கள், அதனால் எடுத்தேன், நான் பெரிய கவி என்ற கர்வத்தினால் அல்ல — சாரம் இதுதான். அப்பாவின் நடை மகனுக்கு வரவில்லை என்று படித்தவர்கள் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இருந்தும் ஆயிரத்துச் சொச்சம் வருடமாக இரண்டையும் ஒன்றாகவே கட்டி வைத்திருக்கிறார்கள். மகன் பகுதியைக் கிழித்துப் போட யாருக்கும் மனம் வரவில்லை பாருங்கள்.

ஆக, உங்கள் பயம் துரோகம் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன். குரலைப் பற்றியது. சாதாரண நாவலில் எழுத்தாளர் எங்கோ தூரத்தில் நின்று கதை சொல்வார். கேம்புக்கில் அவர் உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்பார். 'நீ' என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். சாப்பிட ஒன்றும் வைத்திருக்கவில்லையா, தெம்பில் 3 குறைத்துக்கொள் என்பார். பையில் எட்டுப் பொருளுக்குமேல் ஏறாது, ஒன்றை எறி என்பார். பன்னிரண்டு வயதிலிருந்து உங்களை 'நீ' என்று கூப்பிட்ட குரல் அது. 30-ஐத் திறந்தால் வேறு யாரோ 'நீ' என்பார்கள். அந்த முதல் 'நீ' காதில் விழ வேண்டாமே என்றுதான் புத்தகத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது, தம்பி.

குரல் மாறத்தான் செய்யும். மாறவே இல்லை என்று உங்களை ஏமாற்றப் போவதில்லை. ஆனால் இந்தத் தொடரில் டெவர் என்பது வெறும் வாக்கிய நடை மட்டும்தானா? எனக்கென்னவோ அதைவிடப் பெரிய பங்கு கணக்கில் இருக்கிறது என்று தோன்றும். பத்துடன் கட்டத்தில் விழுந்த ஒரு எண்ணைக் கூட்டினால் போர்த்திறன், இருபதுடன் ஒரு எண்ணைக் கூட்டினால் தெம்பு. இரண்டே எண்ணில் ஆளைப் படைத்துவிடுவார். அந்த ஆள் ஒரு புத்தகத்திலிருந்து அடுத்ததற்கு அப்படியே நடந்து போவான், சம்பாதித்த வாளோடும் வித்தையோடும். அந்த வசதியே பெரிய தலைவலியும் ஆனது. இரண்டாவது புத்தகத்தில் சோமர்ஸ்வெர்ட் என்ற சூரிய வாள் கிடைக்கும், போர்த்திறனில் 8 கூடும். அது கையில் இருப்பவனுக்கும் சவாலாக எதிரியை வைத்தால், இடையில் ஏதோ ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்து ஆடுகிறவன் நாலே சுற்றில் காலி. அவனுக்கு ஏற்ப வைத்தால் வாள்காரனுக்கு எதிரி வெறும் கொசு. பின்னாட்களில் இந்தத் தராசு டெவர் கையிலேயே ஆடியிருக்கிறது. பழைய வாசகர்கள் அதைச் சொல்லிக் குறைப்படுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஆகவே பிந்தையவர்கள் எழுதியதை மதிப்பிட வேண்டுமென்றால் வாக்கியத்தை அப்புறம் பாருங்கள், முதலில் தராசைப் பாருங்கள். இரண்டு வழி கொடுக்கிறார்களே, இரண்டும் உண்மையிலேயே வெவ்வேறு இடத்துக்குப் போகிறதா, அல்லது சுற்றிவிட்டு ஒரே பத்தியில் கொண்டு தள்ளுகிறதா? நீங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்த வித்தை ஒன்றாவது ஒரு இக்கட்டில் கை கொடுக்கிறதா? செத்தால் 'என் தப்புதான்' என்று தோன்றுகிறதா, எரிச்சல் வருகிறதா? இதெல்லாம் சரியாக இருந்தால், அட்டையில் யார் பெயர் இருந்தாலும் அது டெவரின் விளையாட்டுதான். இல்லையென்றால் தாராளமாகத் திட்டுங்கள். இறந்தவர்மேல் உள்ள பாசத்துக்காக மோசமான புத்தகத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள். முதல் 20 புத்தகங்களில் நாயகன் லோன் வுல்ஃப். 21-லிருந்து அவன் இல்லை, அவனுடைய வழியில் வந்த இன்னொரு வீரன். அவனுக்குப் பெயர்கூட டெவர் வைக்கவில்லை. கட்டத்தில் பென்சில் வைத்துப் பெயரை நீங்கள்தான் எடுத்தீர்கள். உங்கள் மகளின் வீரனுக்கு வேறு பெயர் விழுந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். அந்த ஆக்‌ஷன் சார்ட் தாளில், அதாவது வீரனின் எண்களையும் பொருள்களையும் குறித்து வைக்கும் தாளில், இருப்பது உங்கள் கையெழுத்து. அந்த ஆள் பாதி டெவருடையவன், பாதி உங்களுடையவன். அவர் பாதியை மகன் ஏற்றுக்கொண்டார். உங்கள் பாதியைத்தான் நீங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

முடிவே வேண்டாம், இருக்கிறபடி இருக்கட்டும் என்று தோன்றினால் அதுவும் தப்பில்லை. கதையின் பெரிய வில்லன்களான இருளின் தலைவர்களை ஒழித்துக்கட்டுகிற 12-வது புத்தகத்திலேயே ஒரு முடிவு இருக்கிறது, 20-ல் இன்னொன்று. அங்கே நின்றுவிட்ட ரசிகர்கள் எத்தனையோ பேர். ஆனால் நீங்கள் 30-ஐயும் 31-ஐயும் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிற ஆள். நிற்கப் போகிறவர் வாங்கமாட்டார்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு உங்கள் துக்கம் கிடையாது. அதை அவள் தலையில் ஏற்றாதீர்கள். அவளைப் பொறுத்தவரை ஒன்றிலிருந்து 32 வரை ஒரே நீளமான பாதை. நடுவில் ஒரு ஆள் இறந்துபோனார் என்பது அட்டையில் பெயர்கள் கூடும்போதுதான் கண்ணில் படும். கேட்பாள். கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். 29 வந்த வருடமே எழுதியவர் இறந்தார், மகன் முடித்தார் என்று சொன்னால் போதும். 'அதற்கப்புறம் வந்ததெல்லாம் ஒரிஜினல் இல்லை' என்ற வாக்கியத்தை மட்டும் வாயில் வரவிடாதீர்கள். அதைச் சொன்னால் அவள் 30-ஐத் திறக்கும் முன்பே குறை தேட ஆரம்பித்துவிடுவாள், நீங்கள் செய்வதுபோலவே.

அவள் 29-ஐ முடிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதற்குள் உங்கள் பழைய ஆக்‌ஷன் சார்ட்டைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தாலும் கவலையில்லை, நடுவில் எந்தப் புத்தகத்திலும் புது ஆளை உருவாக்கி நுழைய வழி வைத்திருப்பார்கள். அவள் 30-ஐக் கேட்கிற அன்று ஆளுக்கு ஒரு தாள் வைத்துக்கொண்டு உட்காருங்கள். புத்தகம் ஒன்றுதான் இருக்கிறது, ஆகையால் யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். அதை அவளிடம் விடுங்கள். முதல் 'நீ' அவள் குரலில் வரட்டும். எந்த வழி என்பதில் கட்டாயம் சண்டை வரும். அந்தந்த இடத்தின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு முதலில் அவள் வழியில் போங்கள், அவள் செத்தால் உங்கள் வழி. அவள் கண்ணை முழுசாக மூடுகிறாளா என்று பார்க்காதீர்கள். பென்சிலில் ரப்பர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், தெம்பை அழித்து அழித்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.